அறிகுறி இல்லாதவருக்குச் சிஏ-125 கூடுதலாக வந்தால் என்ன பொருள்?

கேள்வி (வேளச்சேரி வாசகி):
என் அக்காவுக்கு வயது 44. எந்தத் தொந்தரவும் இல்லாதபோதே, சலுகை விலையில் கிடைக்கிறதென்று மாஸ்டர் ஹெல்த் செக்கப் எடுத்துக்கொண்டார். அதில், இரத்தத்திலுள்ள ஒரு புரதத்தின் அளவைப் பார்க்கும் சிஏ-125 என்ற பரிசோதனையும் சேர்ந்திருந்தது. 35-க்குள் இருக்க வேண்டியது 52 என்று தடித்த எழுத்தில் வந்திருக்கிறது. சினைப்பைப் புற்றுநோயாக இருக்கலாம் என்று படித்ததிலிருந்து அவருக்குத் தூக்கமே இல்லை. பரிசோதனை 98 விழுக்காடு துல்லியமானது என்கிறார்கள். அப்படியானால் நோய் இருக்கும் வாய்ப்பும் அவ்வளவுதானா?

பதில் 1:
நிச்சயமாக இல்லை. நோய் இல்லாத 100 பேரில் 98 பேருக்கு ‘இல்லை’ என்று சரியாகச் சொல்வதும், ‘உண்டு’ என்று வந்தவருக்கு நோய் இருப்பதும் வெவ்வேறு. கணக்குக்காக, அறிகுறியற்ற 10,000 பெண்களில் 4 பேருக்கு இந்நோய் இருப்பதாகவும், அவர்களில் 3 பேரைப் பரிசோதனை பிடிப்பதாகவும் கொள்வோம். மீதமுள்ள 9,996 பேரில் இரண்டு விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 200 பேருக்கும் அளவு கூடுதலாகவே வரும். ஆக, அச்சத்துடன் அறிக்கையைக் கையில் வைத்திருக்கும் 203 பேரில் உண்மையான நோயாளிகள் 3 பேர் மட்டுமே. செக்கப் விளம்பரங்களில் இந்தக் கணக்கு ஏனோ இடம்பெறுவதில்லை.

பதில் 2:
முன்கூட்டியே கண்டுபிடித்தால் நல்லதுதானே என்று தோன்றும். பிரிட்டனில், மாதவிடாய் நின்ற இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பல ஆண்டுகள் கண்காணித்த ஆய்வின் முடிவு 2021-இல் வெளிவந்தது. ஆண்டுதோறும் இப்பரிசோதனை செய்துகொண்ட பிரிவில் தொடக்கநிலைப் புற்றுநோய்கள் கூடுதலாகக் கண்டறியப்பட்டன. ஆயினும் அந்நோயால் நேரும் இறப்பு குறையவில்லை. நியாயமாகத் தோன்றுவதையும் சோதித்தே ஏற்க வேண்டும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு, தங்கிச் சிகிச்சை பெற்றால்தான் நல்லது என்று கருதப்பட்ட சானடோரியத்தில் (காசநோய் மருத்துவமனை) இருந்தவர்களைப் போலவே வீட்டிலிருந்து மருந்து எடுத்தவர்களும் ஏறத்தாழ அதே அளவில் குணமடைந்ததைக் காட்டியது.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் அறிக்கையைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

பதில் 1:
வேண்டாம். மாதவிடாய் நாட்களில் இரத்தம் எடுத்தார்களா என்று முதலில் கேளுங்கள். அப்போதும், கருப்பைக் கட்டி, எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்சுவர்த் திசு போன்றது கருப்பைக்கு வெளியே வளர்வது) போன்றவற்றிலும் இந்த அளவு உயரும். நெருங்கிய உறவினர் எவருக்கேனும் மார்பகப் புற்றுநோயோ சினைப்பைப் புற்றுநோயோ வந்திருந்தாலும், வயிற்று உப்புசம் வாரக்கணக்கில் நீடித்தாலும் நான் சொன்ன கணக்கு மாறிவிடும். அவற்றை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். நீங்களாகவே சிடி ஸ்கேனுக்கு ஓடாமல் மகளிர் நல மருத்துவரைப் பாருங்கள். பழைய அல்ட்ராசவுண்ட் அறிக்கை இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள்.