ஒரே 45 டிகிரி, இரண்டு வரைபடம்: நினைவு உலோகத்தை எக்ஸ்ரேயில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

திருவையாறு

வணக்கம். வளைத்தாலும் சூடாக்கினால் பழைய வடிவத்துக்குத் திரும்பும் வடிவ நினைவு உலோகக் கலவைகளை (நிக்கலும் டைட்டானியமும் சேர்ந்த நிட்டினால் போன்றவை) எக்ஸ்ரே சிதறலில், அதாவது எக்ஸ்ரே எந்தெந்தக் கோணத்தில் சிதறுகிறது என்பதை வைத்து அணு அடுக்கைக் கண்டுபிடிக்கும் முறையில், பார்த்தவர்கள் நம் டெல்டா பக்கத்தில் நாலைந்து பேராவது இருப்பீர்கள். ஆய்வுக் கட்டுரையில் எழுத முடியாத கதைகளை இங்கே எழுதலாமே. முதல் கதை என்னுடையது. பெருமைப்பட அதில் ஒன்றுமில்லை.

என்னிடம் இருந்தது நிக்கல்-டைட்டானியம் தகடு, விரல் நகம் அளவு. சூடாக்கினால் 60 டிகிரிக்குள் முழுவதும் ஆஸ்டெனைட்டாகிவிடும், அதாவது அணுக்கள் கனசதுரமாக அடுக்கிக்கொள்ளும். ஆறினால் அதே அணுக்கள் கொஞ்சம் சாய்ந்து மார்ட்டென்சைட் ஆகும். எந்த அணுவும் இடம்பெயர்ந்து ஓடுவதில்லை, பக்கத்து அணுவோடு சேர்ந்து சரிகிறது, அவ்வளவுதான். தகட்டை 80 டிகிரிக்கு ஏற்றி, ஐந்தைந்து டிகிரியாக இறக்கி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு ஸ்கேன் எடுப்பது என் திட்டம்.

சூட்டில், நான் பார்த்த கோணங்களுக்குள், 42.4 டிகிரியில் ஒரே பீக் (கதிர் பலமாகச் சிதறும் கோணத்தில் கிராஃபில் எழும் கூர்முனை), வயல் நடுவே ஒற்றைப் பனைமரம் மாதிரி நின்றது. (இந்த டிகிரி கோணம், அந்த டிகிரி வெப்பம். இரண்டும் ஒரே நோட்டில் இருந்ததால் நானே இரண்டு முறை குழம்பினேன்.) 45 டிகிரிக்கு இறங்கியும் அதே பனைமரம். அடுத்து 40க்குப் போவதற்குள் கரண்ட் போய்விட்டது. ஐப்பசி மழை. யுபிஎஸ் கம்ப்யூட்டரை மட்டும் தாங்கியது. சில்லர் (குழாயைக் குளிர்விக்கும் கருவி) நின்றால் எக்ஸ்ரே குழாய் தானே அணைந்துவிடும், அதுவும் அணைந்தது.

இரண்டு மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தது. விட்ட இடத்திலிருந்து தொடர்வதாக நினைத்து, தகடு இருக்கும் மேடையை 45க்கு ஏற்றி மறுபடி ஓட்டினேன். பனைமரம் பாதி உயரத்துக்குக் குறைந்திருந்தது. இரண்டு பக்கமும் 39, 41, 44 என்று புதிய பீக்குகள். தகடு துருப்பிடித்ததா, யாராவது சாம்பிளை மாற்றிவிட்டார்களா என்றெல்லாம் யோசித்தேன். கைடிடம் காட்டினேன். அவர் கிராஃபைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. "45க்கு மேலேயிருந்து இறங்கினாயா, கீழேயிருந்து ஏறினாயா?" என்று மட்டும் கேட்டார்.

விஷயம் அதுதான். கரண்ட் இல்லாத நேரத்தில் தகடு அறை வெப்பத்துக்கு ஆறி, பெரும்பகுதி மார்ட்டென்சைட்டாகிவிட்டது. திரும்ப ஆஸ்டெனைட்டாக அதற்கு 45 போதாது. ஏறும் பாதை வேறு, இறங்கும் பாதை வேறு. ஹிஸ்டெரிசிஸ் என்ற சொல்லைப் பரீட்சையில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன், அன்றுதான் அது எனக்குப் புரிந்தது.

அப்புறம் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். இறங்கும் அளவீடு என்றால் முதலில் 80க்கு ஏற்றிவிடுவேன். ஏறும் அளவீடு என்றால் முதலில் திரவ நைட்ரஜனில் முக்கிவிடுவேன். நைட்ரஜன் எங்கே கிடைக்கும்? எங்கள் ஊரில் மாட்டுக்குச் சினை ஊசி போடும் அண்ணனிடம் எப்போதும் ஒரு குடுவை இருக்கும். பிளாஸ்கோடு போய் நின்றேன். "எந்த மாட்டுக்கும்மா?" என்றார். தகட்டுத் துண்டுக்கு என்று சொல்லி முடிப்பதற்குள் பொழுது போய்விட்டது.

மன்னார்குடி

கரண்ட் கதை எங்களுக்கும் உண்டு. ஆனால் நான் சொல்ல வந்தது இந்தூர் கதை.

கல்லூரி எக்ஸ்ரே கருவியில் ஒரு குறை இருக்கிறது. காப்பர் குழாயின் கதிர் நிட்டினாலுக்குள் சில மைக்ரான் ஆழம்தான் பார்க்கும். தலைமுடியின் தடிமனில் ஒரு சிறு பங்குதான். தோலைப் பார்த்துவிட்டு உடம்பைப் பற்றி எழுதுகிறோம். அதனால் 0.1 மில்லிமீட்டர் கம்பியை எடுத்துக்கொண்டு இண்டஸ்-2க்குப் போனோம். 2.5 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் சின்க்ரோட்ரான், அதாவது எலக்ட்ரான்களை வளையத்தில் சுற்றவிட்டுப் பலமான எக்ஸ்ரே எடுக்கும் இயந்திரம், வளையத்தின் சுற்றளவே சுமார் 172 மீட்டர். அங்கே கதிரின் ஆற்றலைக் கூட்டிக்கொண்டால் அவ்வளவு மெல்லிய கம்பியை ஊடுருவி மறுபக்கம் வந்துவிடும். பின்னால் இருக்கும் திரையில் பீக்குக்குப் பதிலாக வளையங்கள் விழும்.

கம்பி அறை வெப்பத்திலேயே ஆஸ்டெனைட். இழுத்தால் மார்ட்டென்சைட்டாகி நீளும், விட்டால் திரும்பிவிடும். இழுத்துக்கொண்டே படம் எடுத்தோம். 1 சதவீதம் நீண்டதும் விசை ஏறுவது நின்று சமமாக ஓட ஆரம்பித்தது. உருமாற்றம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஆனால் படத்தில் ஒன்றும் மாறவில்லை. 2 சதவீதம், 3 சதவீதம், அதே ஆஸ்டெனைட் வளையங்கள். எங்களுக்குக் கிடைத்ததோ குறைந்த நேரம், ராத்திரி இரண்டு மணி. கதிர் கம்பியின் மேல்தான் விழுகிறதா என்றே சந்தேகம் வந்துவிட்டது. அடுத்த படத்திலும் ஆஸ்டெனைட். அதற்கு அடுத்ததில் ஆஸ்டெனைட் ஏறக்குறைய காணாமல் போய், வேறு இடத்தில் மார்ட்டென்சைட்டின் துண்டு துண்டான வில்கள் நின்றன. இடையில் ஒன்றுமே இல்லை.

பக்கத்து மேசையில் இருந்த சீனியர் அக்கா சிரித்துவிட்டார். "மேட்டூரை ஜூன் 12இல் திறந்தால் அன்றைக்கே உங்கள் ஊர் வாய்க்காலில் தண்ணீர் வருமா?" என்றார். அவருக்கும் சொந்த ஊர் திருத்துறைப்பூண்டி. கடைமடைக்காரியிடம் கேட்டால் தெரியும், நேற்று வரை பொடி மண், இன்று காலை நுரை தள்ளிக்கொண்டு தண்ணீர். கம்பியிலும் அப்படித்தான். மாற்றம் கம்பி முழுவதும் ஒன்றாக நடப்பதில்லை. ஒரு முனையில் தொடங்கி, ஒரு முகப்பாக நகர்ந்து வருகிறது. முகப்பு எங்கள் கதிர் விழும் புள்ளியைத் தாண்டும்வரை எங்களுக்கு ஒன்றும் தெரியாது. முகப்புக்குப் பின்னால் கம்பி 5 சதவீதத்துக்கு மேல் நீண்டிருக்கும், முன்னால் 1 சதவீதம்தான். இயந்திரம் காட்டிய 3 சதவீதம் என்ற நீட்சி கம்பியில் எந்த இடத்திலும் இல்லை, அது வெறும் சராசரி. அந்த எண்ணைத்தான் ஒரு வருஷமாக கிராஃபில் போட்டுக்கொண்டிருந்தேன்.

கும்பகோணம்

நான் பல் மருத்துவம். பல் சீரமைப்புக் கம்பியைப் பற்றி ஆய்வேடு எழுதும்போது இரண்டு தப்பு செய்தேன்.

முதல் தப்பு: கம்பியை அரத்தால் ராவிப் பொடியாக்கினேன். பொடி என்றால் எல்லாத் திசையும் கிடைக்கும் என்று எங்கேயோ படித்தது. வந்த கிராஃபில் பீக்குக்குப் பதிலாக ஒரு மண்மேடு. ராவும்போதே அணு அடுக்கு நசுங்கி, பாதி மார்ட்டென்சைட், மீதி எதுவென்று சொல்ல முடியாத நிலை. பார்க்கப் போன பொருளை நானே மாற்றிவிட்டேன்.

சரி என்று கம்பிகளை அப்படியே பாய் பின்னுவது போல நெருக்கமாக வரிசையில் ஒட்டி ஓட்டினேன். இப்போது 61.5 டிகிரியில் வர வேண்டிய 200 பீக் (200, 110 என்பவை அணுத் தளங்களின் பெயர்கள்) கிட்டத்தட்ட இல்லவே இல்லை. கடைக்காரர் வேறு கம்பியைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்கே போய்விட்டேன். பாவம் அவர். கம்பியை அச்சில் இழுத்து நீட்டும்போது படிகங்கள் எல்லாம் ஒரே திசையில் படுத்துக்கொள்கின்றன. அதனால் 200 தளங்கள் நம் கருவி பார்க்கும் பக்கம் திரும்பியே இருக்காது. 110ம் 211ம் மட்டும் பலமாக வரும். இதை மெட்டலர்ஜி படித்த என் சித்தப்பா மகன் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் சொல்லிவிட்டான்.

சுவாமிமலை

நமக்கு இதெல்லாம் தூரம். பட்டறையில் வேலை. ஆனால் மார்ட்டென்சைட் என்ற பெயரைக் கேட்டிருக்கிறேன். வெள்ளீயம் 20 சதவீதத்துக்கு மேல் போட்ட வெண்கலம் சும்மா ஆறினால் தட்டினாலே உடையும். செக்கச்செவேல் என்று இருக்கும்போது தண்ணீரில் விட்டால் உடையாமல் நிற்கும், நாதமும் வரும். ஒருமுறை வந்த ஆராய்ச்சி மேடம் ஒருவர், அப்படித் தண்ணீரில் முக்கும்போது பிறப்பதும் மார்ட்டென்சைட்தான் என்றார். அப்படியானால் என் கைத்தாளமும் சூடுபட்டால் பழைய வடிவத்துக்குத் திரும்புமா? வீட்டில் அப்பா காலத்துத் தாளம் ஒன்று விளிம்பு உடைந்து கிடக்கிறது. அதை எக்ஸ்ரேயில் வைக்க முடியுமா தங்கச்சி?

திருவையாறு

திரும்பாது அண்ணே. பெயர் ஒன்று, குணம் வேறு. உங்கள் வெண்கலத்தையோ எஃகையோ சூடாக்கினால் உள்ளே அணுக்கள் பிரிந்து வேறு கலவையாகிவிடும், வந்த வழியில் திரும்பாது. நிட்டினாலில் அணுக்கள் வந்த வழியிலேயே சரிந்து திரும்புகின்றன, அதனால்தான் அதற்கு நினைவு. செம்பிலும் அப்படிப்பட்ட கலவைகள் உண்டு, அலுமினியமும் நிக்கலும் சேர்த்தது ஒன்று. நிட்டினாலுக்கு முன்பே இதைப் பார்த்திருக்கிறார்கள். 1951இல் சாங், ரீட் என்ற இருவர் தங்கம்-காட்மியத்தில் பார்த்தார்கள்.

மன்னார்குடி அக்கா, அந்தச் சராசரி விஷயம் என் நெஞ்சில் அடித்தது. என் அடுத்த அத்தியாயமே இழுவைதான்.

தாளத்தைத் தாராளமாக வைக்கலாம் அண்ணே. வியாழக்கிழமை கருவி காலியாக இருக்கும், காலையிலேயே வந்துவிடுங்கள். உடைந்த துண்டு மட்டும் போதும். மறக்காமல் ஒன்று, தேய்த்து மெருகு போட்டுக் கொண்டு வராதீர்கள். அரமும் படக்கூடாது. அழுக்கோடு அப்படியே.

சுவாமிமலை

மெருகு போடாமல் ஒரு சாமானை வீட்டை விட்டு வெளியே எடுத்ததே இல்லை. சரி, வருகிறேன்.