பொக்லைன் கேபின் ஃபேன் மோட்டாரை மட்டும் கழற்ற முடியுமா?

திருத்துறைப்பூண்டி ஆபரேட்டர்:
அண்ணன்மாருக்கு வணக்கம். வாய்க்கால் தூர்வாரும் வேலையில் 20 டன் பொக்லைன் ஓட்டுகிறேன். ஜூன் 12 மேட்டூர் திறப்பதற்குள் முடிக்கணும். மூணு நாளாகக் கேபினில் காற்றே இல்லை. முதலில் கிரீச் சத்தம், அப்புறம் நாலாவது ஸ்பீடில் மட்டும் ஓடியது, இப்போது அதுவும் நின்றுவிட்டது. கதவைத் திறந்தால் புழுதி, மூடினால் சட்டை பிழிகிற அளவு வேர்வை. நம்ம ஊரில் ஹீட்டர் யார் போடுகிறார்கள், ஆனால் ஏசிக்கும் அதே ஃபேன்தானே. சீட்டுக்குப் பின்னால் கறுப்புப் பெட்டி, அதில் நாலு குழாய். பெட்டியையே இறக்கணும், கேஸ் போய்விடும் என்கிறார் இங்குள்ள மெக்கானிக்.

மன்னார்குடி எலக்ட்ரீஷியன்:
தம்பி, அந்தக் குழாய்களைத் தொடவே வேண்டாம். இரண்டில் இன்ஜின் கூலண்ட், இரண்டில் ஏசி கேஸ். மோட்டார் பெரும்பாலும் பெட்டிக்கு வெளியிலிருந்தே திருகியிருக்கும், தனியாக வந்துவிடும்.

நாலில் மட்டும் ஓடியது என்றால், ஃபேன் வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் போயிருக்கிறது. நாலாவது ஸ்பீடு அதைத் தொடாமல் நேராகப் போகும். மோட்டார் இறுகி கரண்டை அதிகம் இழுத்தால் ரெசிஸ்டர் சூடாகிக் கருகும். முதலில் பியூஸ் பாருங்கள். அப்புறம் சாவியைப் போட்டு, சுவிட்சை நாலில் வைத்து, மோட்டாருக்கு வயர் சேரும் கப்ளரில் மீட்டர் வையுங்கள்.

திருத்துறைப்பூண்டி ஆபரேட்டர்:
பியூஸ் நல்லா இருக்கு. மீட்டரில் 24.6 வோல்ட் வருது அண்ணே.

மன்னார்குடி எலக்ட்ரீஷியன்:
கரண்ட் மோட்டார் வரை வருகிறது, அப்போ போனது மோட்டார்தான். பேட்டரி மாஸ்டர் சுவிட்சை அணையுங்கள். கப்ளரை எடுங்கள், பக்கத்தில் சின்ன ரப்பர் குழாய் இருந்தால் அதையும் மெதுவாக உருவுங்கள், மோட்டாரைக் குளிர வைப்பது அதுதான். மோட்டார் தட்டும் பெட்டியும் சேரும் இடத்தில் பெயிண்டில் ஒரு கோடு போடுங்கள், திரும்ப அதே மாதிரி பொருத்தலாம். பிறகு சுற்றியுள்ள ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். துருப்பிடித்திருந்தால் எண்ணெய் விட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள், தலை மழுங்கினால் பெரிய தொல்லை. ஃபேனோடு நேராக வெளியே இழுங்கள், சாய்த்தால் இறக்கை உடையும்.

கடையில் 24 வோல்ட் என்று சொல்லியே வாங்குங்கள். 12 வோல்ட் கார் மோட்டாரைப் போட்டால் கருகிவிடும். சுற்றும் திசையும் பழையதோடு ஒத்திருக்கணும். மாறினாலும் காற்று வரும், ஆனால் பலமிருக்காது.

கும்பகோணம் ஆபரேட்டர்:
ரெசிஸ்டரையும் சேர்த்து மாற்றிவிடுங்கள் தம்பி. கேபின் ஃபில்டரைத் தட்டிப் பாருங்கள், அது அடைத்திருந்தால் ரெசிஸ்டரைக் குளிர வைக்கக் காற்று இருக்காது.

திருத்துறைப்பூண்டி ஆபரேட்டர்:
வந்துவிட்டது அண்ணே! மூணே ஸ்க்ரூ. ஃபேனுக்குள் எலி வைக்கோலைத் திணித்திருந்தது. மோட்டாருக்குள் கரண்டைக் கடத்தும் கார்பன் பிரஷ் அரிசி மணி அளவுக்குத் தேய்ந்திருந்தது. ஃபில்டரில் ஒரு கைப்பிடி வண்டல் தூசி. புது மோட்டார், ரெசிஸ்டர் இரண்டும் போட்டு, இன்று காலை இரண்டாவது ஸ்பீடிலேயே ஓட்டினேன். குழாயைக் கழற்றாமல் தடுத்தீர்களே, ரொம்ப நன்றி.