'பேக் டு சிவிலைசேஷன்' என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாமா?

செல்வி டீச்சர்:
ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். 'சிவிலைசேஷன்' என்ற சொல்லை வைத்து, வீட்டிலும் தெருவிலும் பேசுகிற மாதிரி ஒரு வாக்கியம் எழுதச் சொன்னேன். பாதிப் பேர் சிந்துவெளியைப் பற்றி வரலாற்றுப் பாடத்தில் இருப்பதை அப்படியே எடுத்து எழுதிவிட்டார்கள். ஒரு பிள்ளை 'ஹி ஸ்பிட்ஸ் ஆன் தி ரோட், ஹி ஹேஸ் நோ சிவிலைசேஷன்' என்று எழுதியிருந்தாள். இன்னொரு பையன், 'ஆஃப்டர் த்ரீ டேஸ் இன் தி ஹில்ஸ், வீ ஆர் பேக் டு சிவிலைசேஷன்'. ஏதோ பயண வீடியோவில் கேட்டானாம். மொழி என்று பார்த்தால் வகுப்பிலேயே சரளமான வாக்கியம் அதுதான். அவனுக்கு முழு மதிப்பெண், அவளுக்குப் பாதி போட்டேன். வீட்டுக்கு வந்ததிலிருந்து உறுத்துகிறது. நான் செய்தது சரியா?

கடலூர் கார்த்தி:
சரிதான் டீச்சர். நான் ஸ்காட்லாந்தில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். சனி ஞாயிறு ஹைலேண்ட்ஸ் மலைக்கு நடக்கப் போய்விட்டுத் திரும்புகிறவர்கள் எல்லாரும் சொல்கிற வாக்கியம் அது. வெந்நீர்க் குளியல், சூடான காபி, காய்ந்த காலுறை, அவ்வளவுதான் அதன் பொருள். நல்ல அகராதிகள் இதைத் தனிப் பொருளாகவே தருகின்றன. பையன் உயிருள்ள ஆங்கிலத்தைக் காதால் பிடித்திருக்கிறான். அதை வளர்த்துவிடுங்கள். அந்தப் பிள்ளை எழுதியதுதான் பிழை. அங்கே 'மேனர்ஸ்' என்று வர வேண்டும். நம் ஊர் ஆங்கிலத்தில் 'சிவிக் சென்ஸ்' என்றும் சொல்லலாம்.

மலையூரான்:
எனக்குச் சொந்த ஊர் கொல்லிமலை. சில வருடங்களுக்கு முன் அம்மாவோடு பேருந்தில் கீழே இறங்கிக்கொண்டிருந்தேன். அம்மா மடியில் மிளகுப் பை, காலடியில் பலாப்பழம். எழுபது கொண்டை ஊசி வளைவும் முடியப்போகிற நேரம், முன் இருக்கையில் இருந்த சுற்றுலா வந்த பிள்ளைகளின் போன்கள் வரிசையாக ஒலித்தன. ஒரு பெண் கையைத் தூக்கி, 'பேக் டு சிவிலைசேஷன்!' என்றாள். எல்லாரும் கைதட்டினார்கள். அம்மா என் பக்கம் திரும்பி, 'என்னப்பா சொல்லுது அந்தப் பொண்ணு?' என்று கேட்டார்.

இதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள் கார்த்தி. 'நாகரிகத்துக்குத் திரும்பிவிட்டோம்.' அப்படியென்றால் மேலே சாமையும் தினையும் விளைவித்துக்கொண்டிருப்பவர்கள் யார்? வல்வில் ஓரி ஆண்ட மலை, சங்கப் புலவர்கள் பாடிய மலை. காரவள்ளி அடிவாரத்தில் இருந்துதான் நாகரிகம் தொடங்குகிறதா?

சொல்தேடி:
டீச்சர், முதலில் அந்தப் பிள்ளைக்காகப் பேசுகிறேன். தமிழில் ஒரே 'நாகரிகம்'தான் ஹரப்பாவுக்கும் வருகிறது, தெருவில் துப்பாமல் இருப்பதற்கும் வருகிறது, புதுப் பாணி உடைக்கும் வருகிறது. அவள் அந்தச் சொல்லை முழுசாகத் தூக்கி ஆங்கிலத்தில் வைத்துவிட்டாள். 'பெயக்கண்டும் நஞ்சுண் டமைவர் நயத்தக்க நாகரிகம் வேண்டு பவர்' என்பது குறள் 580. பழகியவர் நஞ்சை ஊற்றுவதைக் கண்ணால் பார்த்தும், முகம் கோணாமல் குடிப்பது. நகரம், கட்டடம், கழிவுநீர்க் கால்வாய் எதுவும் அதில் இல்லை. மனிதர் மனிதரிடம் நடந்துகொள்ளும் விதம் மட்டும்தான்.

ஆங்கிலத்திலும் இதே சண்டை நடந்திருக்கிறது. 1772இல் ஆங்கில அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சன் தன் அகராதியின் நான்காம் பதிப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். 'சிவிலைசேஷன்' வேண்டாம், பண்பான நடத்தையைக் குறிக்கும் 'சிவிலிட்டி' போதும் என்பது அவர் முடிவு. பக்கத்தில் இருந்த அவருடைய நண்பர் பாஸ்வெல்லுக்கு அது ஒப்பவில்லை. காட்டுமிராண்டித்தனத்துக்கு எதிர்ப்பதமாகச் சொல்ல 'சிவிலைசேஷன்'தான் பொருத்தம் என்று நினைத்தார், எழுதியும் வைத்தார். அவர் பக்கம்தான் வென்றது. எதிரில் ஒருவரை நிறுத்தி வைத்துக்கொண்டுதான் இந்தச் சொல் புழக்கத்துக்கே வந்தது. முதல் உலகப் போர் முடிந்து நாடுகள் கூடி அமைத்த சர்வதேச சங்கத்துக்கு (லீக் ஆஃப் நேஷன்ஸ்) 1919இல் எழுதிய உடன்படிக்கை, 22ஆம் பிரிவு: இன்னும் 'தாங்களாக நிற்க முடியாத' மக்களின் நலன் 'சிவிலைசேஷன்' ஏற்ற புனிதப் பொறுப்பாம். அதைச் சொல்லித்தான் போரில் வென்றவர்கள் தோற்றவர்களின் ஆளுகையில் இருந்த நாடுகளைப் பங்கு பிரித்தார்கள்.

கடலூர் கார்த்தி:
சொல்தேடி, உங்கள் படிப்புக்கு மரியாதை. ஆனால் பூர்விகம் பார்த்துச் சொல்லைத் தள்ளினால் எதுவும் மிஞ்சாது. 'வில்லன்' என்ற சொல்லின் வேர், பண்ணையில் வேலை செய்த நாட்டுப்புறத்தான். இன்று நம் சினிமா வில்லனைப் பார்த்து எந்த விவசாயி புண்படுகிறார்? அந்த உடன்படிக்கை எழுதியவர்களும் கால் வலிக்க மலை இறங்கிய பெண்ணும் ஒன்றில்லை. மலையூரான், உங்கள் அம்மா பக்கத்தில் இருந்தபோது அப்படிக் கத்தியது தவறு, அதை ஒத்துக்கொள்கிறேன். அதற்காக வாக்கியமே கூடாது என்றால், நாளைக்கு இந்தப் பிள்ளைகள் வெளியூர் போய் அதைக் கேட்கும்போது விழிப்பார்கள்.

மலையூரான்:
வில்லனில் நாட்டுப்புறத்தான் செத்துப்போய் எவ்வளவோ காலம் ஆயிற்று. இந்த வாக்கியத்தில் மலைக்காரன் இன்னும் உயிரோடு இருக்கிறான், அதே பேருந்தில் டிக்கெட் எடுத்து உட்கார்ந்திருக்கிறான். ஆள் இல்லாத பனிமலையில் இருந்து வந்தவர் சொல்லட்டும், எனக்கு ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் சோறு தின்றுவிட்டு இறங்குகிறவர் சொல்லக்கூடாது.

கடலூர் கார்த்தி:
இது நியாயம். எங்கிருந்து திரும்புகிறோம் என்பதைப் பொறுத்தது. ஆனாலும் கேட்டால் புரியும் அளவுக்காவது சொல்லிக் கொடுங்கள் டீச்சர். அதில் நான் பின்வாங்க மாட்டேன்.

செல்வி டீச்சர்:
சொல்லிக் கொடுக்கிறேன் தம்பி. கேட்டால் புரிய வேண்டும், சொல்வதற்கு முன் பக்கத்தில் யார் இருக்கிறார் என்று பார்க்க வேண்டும், இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். அந்தப் பிள்ளைக்கும் நோட்டில் 'சிவிலிட்டி' என்று எழுதிக் காட்டி மதிப்பெண்ணைக் கூட்டப்போகிறேன். அவள் நினைத்த பொருளுக்கு ஆங்கிலத்தில் சொல் இருக்கிறது, அவளுக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதானே. மலையூரான், ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு அம்மாவிடம் என்ன சொன்னீர்கள்?

மலையூரான்:
'சிக்னல் வந்துடுச்சாம்மா' என்றேன். 'அப்படியா, அப்போ தங்கச்சிக்கு ஒரு போன் போடு' என்றார்.