7,20,720-க்குக் காரணி எத்தனை? சூத்திரத்தில் 8 வருது, நோட்டில் அதுக்கு மேல போயிருச்சு

ஆத்தங்குடி பட்டறை:
வணக்கம். ஆத்தங்குடியில பூக்கல், அதாவது பூப்போட்ட தரைக்கல், ஊத்துற வேலை எனக்கு. மகளுக்கு 7,20,720-க்கு எத்தனை காரணின்னு வீட்டுக்கணக்கு. பகா காரணியா உடைச்சா 2×2×2×2×3×3×5×7×11×13. பெருக்கிப் பார்த்தோம், சரியா வருது. அடுக்கு 4, 2, 1, 1, 1, 1. அதைப் பெருக்கினா 8. ஆனா அவ ஒண்ணுலேர்ந்து வரிசையா வகுத்துப் பார்த்தா 16 வரைக்கும் ஒண்ணு விடாம மிச்சமில்லாமப் போகுது! 17 போகலை, 18 போகுது. எங்க தப்பு விட்டோம்?

கணக்கு வாத்தியார், தேவகோட்டை:
தம்பி, உடைச்சது சரி. பெருக்குறதுக்கு முன்னாடி ஒவ்வொரு அடுக்கோடும் 1 கூட்டணும். ஏன்னா, ஒரு காரணியை உண்டாக்க 2-ஐ நாலு தடவை வரை எடுக்கலாம், ஒரு தடவைகூட எடுக்காமலும் விடலாம். ஆக 5 வழி. உங்க அச்சுல ஓர் அறைக்கு நாலு சாயம் வச்சிருந்தா, சாயம் கலக்காம வெறும் வெள்ளையா விடுறதும் ஒரு தினுசுதானே? 3-க்கு 3 வழி, மத்த நாலுக்கும் ரெண்டு ரெண்டு. 5×3×2×2×2×2 = 240.

12-ஐ வச்சுப் பிள்ளைக்குக் காட்டுங்க. 2×2×3. உங்க முறையில 2 வரும்; ஒண்ணு கூட்டினா 3×2 = 6. 1, 2, 3, 4, 6, 12, சரியா ஆறு.

அவ 16 வரைக்கும் வகுத்தாளே, அது பெரிய விஷயம். 1 முதல் 16 வரை எல்லாத்தாலும் வகுபடுற ஆகச் சிறிய எண் இதுதான்.

காரைக்குடி மாணவி:
அண்ணே, 720 ரெண்டு தடவை வருது பாருங்க. 720×1001 அது. 1001 = 7×11×13. மூணு இலக்கத்தை இப்படி அடுத்தடுத்து எழுதினா எந்த எண்ணும் 7, 11, 13-ஆல வகுபடும். மிச்சம் 720-ஐ மட்டும் உடைச்சாப் போதும்.

இதைவிடச் சின்ன எண் எதுக்கும் 240 காரணி கிடையாது. இந்த மாதிரி எண்களைப் பத்தித்தான் ராமானுஜன் 1915-ல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழ்ல நீண்ட கட்டுரை எழுதினார். 7,20,720 மிகை எண்ணும்கூட: தன்னை விட்டுட்டு மத்த காரணிகளைக் கூட்டினா 25,29,072, அதாவது எண்ணைப்போல மூணரை மடங்கு. இலக்கங்களோட கூட்டல் 18. அதால வகுத்தா 40,040. இப்படித் தன் இலக்கக் கூட்டலால மிச்சமில்லாம வகுபடுறதால, கணித அறிஞர் காப்ரேகர் பேர் வச்ச ஹர்ஷத் எண்ணும் ஆகுது.

கணக்கு வாத்தியார், தேவகோட்டை:
ராமானுஜன் அந்தக் கட்டுரையில போட்ட இந்த மாதிரி எண்களோட பட்டியல்ல 293318625600 விடுபட்டுப்போச்சு, அம்மா. அவ்வளவு பெரிய கையே ஒண்ணை விட்டிருக்கு. பிள்ளை ஒரு கூட்டலை விட்டதுக்கு ஏசாதீங்க தம்பி.

ஆத்தங்குடி பட்டறை:
ஏசலை சார். 240-னு சொன்னதும் குதிச்சா. அத்தனை கல்லையும் செவ்வகமா பதிச்சா எத்தனை விதம்னு கேட்டேன். ஜோடி சேர்த்தா 120-ன்னா. சதுரத்துக்கு ஆகக் கிட்ட வர்றது 840×858-ன்னு அவளே கண்டுபிடிச்சா. இப்ப 120-ஐயும் எழுதுறேன்னு உக்காந்திருக்கா, 77×9360-ல நிக்கிறா.