லைவ் லூப்பிங்குக்கு மிக்சர்: மேடையில உங்களுக்கு நடந்தத எழுதுங்க

கஞ்சிரா_லூப்:
இத எங்கயாவது கொட்டியே ஆகணும். திருச்சி பக்கம் ஒரு காலேஜ் கல்ச்சுரல்ஸ், ஆர்சி-505ன்னு ஒரு லூப்பர் (வாசிக்கிறத அங்கேயே பதிஞ்சு திரும்பத் திரும்ப ஓட்டுற பெட்டி), கஞ்சிரா, ஒரு மைக், நான் மட்டும். அங்க இருந்த மிக்சர்ல ஒரே ஒரு ஆக்ஸ் (சத்தத்த வேற பெட்டிக்குத் தனியா அனுப்புற வழி), அதையும் சவுண்ட்காரர் எக்கோவுக்கு எடுத்துட்டார், அதனால மெயின் அவுட்ல இருந்தே லூப்பருக்கு ஒயர் இழுத்து, லூப்பர் அவுட்ட அதே மிக்சர்ல இன்னொரு சேனல்ல சொருகிட்டார். வேணாம்ணேன்னு நான் சொல்லிட்டு இருக்கும்போதே அந்த சேனலோட பேடர (சத்தத்த ஏத்தி இறக்குற தள்ளுகோல்) ஏத்திட்டார். அப்படி ஒரு ஊளை. முன்வரிசைல ஒரு சின்னப் பொண்ணு ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு என்னையே பாத்துச்சு, அந்த முகம் இன்னும் போக மாட்டேங்குது. சொந்தமா ஒரு மிக்சர் வாங்கி கையோட கொண்டு போறதுன்னு முடிவு பண்ணிட்டேன். 15,000க்குள்ள, ரோட்டுல அலைஞ்சாலும் தாங்கணும். நீங்கல்லாம் எத வச்சு வாசிக்கிறீங்க?

கோவை_பீட்பாக்ஸ்:
ஒரு மைக்குக்கு மிக்சரே தேவையில்ல ப்ரோ. 505லயே மைக் ஜாக் இருக்கு, பேண்டம் பவரும் (சில மைக்குக்கு வேண்டிய கரண்ட்) இருக்கு. மைக்க நேரா லூப்பர்ல போடுங்க, அவுட்டுக்கு ரெண்டு டிஐ பாக்ஸ் (சிக்னல மிக்சருக்கு ஏத்த மாதிரி மாத்துற சின்னப் பெட்டி), அங்கேருந்து அரங்கத்தோட ஹவுஸ் மிக்சர், அவ்ளோதான். ஒரு ஊர்த் திருவிழால ஜெனரேட்டர் கரண்ட்டு, ஸ்பீக்கர் பூரா ம்ம்ம்ம்னு ஹம், டிஐ பாக்ஸ்ல கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச (ஒயரோட கிரவுண்ட் இணைப்ப வெட்டுறது) தள்ளுனேன் பாருங்க, டக்குன்னு நின்னுச்சு. மிக்சர்ல போடுற காச டிஐல போடுங்க.

குழல்_மதுர:
பீட்பாக்ஸ் தம்பி சொல்றது ஒரு மைக்குக்கு சரி. எனக்கு குழலுக்கு ஒரு மைக், பாட ஒரு மைக், 505ல மைக் ஜாக்கே ஒன்னுதான், அப்ப என்ன செய்றது? கஞ்சிரா தம்பி, பிராண்ட விடுங்க, ஆக்ஸ பாருங்க. மைக் சேனல்ல ஆக்ஸ ஏத்தி, ஆக்ஸ் சென்ட்ட லூப்பர் இன்புட்ல குடுத்து, லூப்பர் அவுட்ட ஒரு ஸ்டீரியோ லைன் சேனல்ல வாங்கணும். அந்த ஸ்டீரியோ சேனல்ல ஆக்ஸ் நாப் எப்பவும் சைபர்லதான் இருக்கணும், ஏறுச்சுன்னா அன்னிக்கு வந்த அதே ஊளைதான். இன்னொன்னு, ஆக்ஸ் ப்ரீ-பேடரா இருக்கணும், அதாவது பேடர இறக்கினாலும் ஆக்ஸுக்கு சத்தம் போயிட்டே இருக்கணும். அப்பதான் மைக் பேடர இறக்கிட்டு சத்தத்த லூப்பர் வழியா மட்டும் விட முடியும். இல்லன்னா நேரா ஒரு குரல், லூப்பர்ல இருந்து துளி லேட்டா ஒரு குரல், ரெண்டும் சேந்து பைப்புக்குள்ள பாடுற மாதிரி கேக்கும். சின்ன மிக்சர்ல நிறைய போஸ்ட்-பேடர்தான் (பேடரோட சேந்தே ஆக்ஸும் இறங்கிடும்) வருது, மேனுவல்ல பிளாக் டயகிராம் (சிக்னல் போற வழிய காட்டுற படம்) பாத்துட்டு வாங்குங்க. யமஹால எம்ஜி10எக்ஸ்யூக்கு ஆக்ஸ் ஒன்னு, எம்ஜி12எக்ஸ்யூக்கு ரெண்டு, பட்ஜெட் கொஞ்சம் ஏறினாலும் ரெண்டு இருக்கறதுக்கு போங்க. அப்புறம் இரைச்சல். லேயர் மேல லேயர் போடறப்ப ப்ரீஆம்போட (மைக் சிக்னல பெருக்குற பகுதி) ஸ்ஸ்ஸ்னு வர்ற சத்தமும் சேந்து ஏறும், லேயர் ரெட்டிப்பானா இரைச்சல் 3 டெசிபல் கூடும். ஒரு தடவ பாடுறவங்களுக்கு பரவால்லங்கிற ப்ரீஆம்ப் நமக்கு ஆகாது. கடைல ஹெட்போன் போட்டு கெயின ஏத்தி கேட்டுட்டு வாங்குங்க.

லூப்பர்_யாழ்:
ஒருத்தரும் அடாப்டரப் பத்தி கதைக்கேல்லயே. எனக்கு ஒரு கலியாண வீட்டில பாட்டு நடுவில அடாப்டர் பின் கழண்டு மிக்சர் செத்துப் போச்சு. சனம் என்ன செஞ்சது தெரியுமோ, கைதட்டி தாளத்த விடாமப் பிடிச்சு வச்சிருந்திச்சினம். பின்னைத் திருப்பிக் குத்தினா லூப்பர் தன்ர பாட்டில ஓடிக்கொண்டிருக்கு, சனம் அதைவிட வேகமாப் போயிட்டுது. நான் லூப்ப நிப்பாட்டிட்டு அவையின்ர தாளத்துக்கே முழுக்கப் பாடினன். பவர் சப்ளை உள்ளுக்கேயே இருக்கிற மிக்சர் எண்டா நல்லம், இல்லாட்டி ஸ்பெயார் அடாப்டர் ஒண்டு கட்டாயம் வச்சிருங்கோ.

கஞ்சிரா_லூப்:
பீட்பாக்ஸ் ப்ரோ, அடுத்த ப்ரோகிராம்ல கொன்னக்கோலுக்கு (வாயால தாளச் சொல் சொல்றது) தனி மைக், அதனால மிக்சர் இல்லாம முடியாது. மதுரண்ணே, எம்ஜி12எக்ஸ்யூ செகண்ட் ஹேண்ட்ல ஒன்னு சென்னைல வருது. நேர்ல போனா பேடர் தவிர வேற எதெல்லாம் செக் பண்ணணும்?