குறைந்த விலை கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் போட்டால் புகைப் பரிசோதனையில் தேறுமா?

கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 12 ஆண்டுகள் ஓடிய 1.5 லிட்டர் பெட்ரோல் கார். சென்ற வாரம் புகைப் பரிசோதனையில் தேறவில்லை. 2,500 ஆர்பிஎம்மில் எடுத்த அளவில் கார்பன் மோனாக்சைடு 0.9 சதவீதம் (வரம்பு 0.2), ஹைட்ரோகார்பன் 340 பிபிஎம் (வரம்பு 200), லாம்டா (காற்றும் பெட்ரோலும் கலக்கும் விகிதம்; 1 என்றால் சரியான கலவை) 1.01 என்று தாளில் அச்சாகியிருக்கிறது. செக் இன்ஜின் விளக்கும் சில மாதங்களாக எரிகிறது. கேட்டலிட்டிக் கன்வர்ட்டரின், அதாவது புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் பாகத்தின், திறன் குறைந்ததைக் குறிக்கும் பி0420 என்ற குறியீடு ஸ்கேனரில் வருகிறது. கன்வர்ட்டர் போய்விட்டது, மாற்றியே ஆக வேண்டும் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார்.

கார் தயாரித்த நிறுவனத்தின் கன்வர்ட்டரை வாங்கினால் காரின் இன்றைய மதிப்பில் பாதி அதற்கே போய்விடும். வெளிச்சந்தையில் அதன் ஐந்தில் ஒரு பங்கு விலைக்கு ஒன்றும், ஏறக்குறைய பாதி விலைக்கு இன்னொன்றும் கிடைக்கின்றன. உடைப்புக்குப் போன வண்டியிலிருந்து கழற்றிய பழைய கன்வர்ட்டர் ஒன்றும் கைவசம் இருப்பதாக ஒருவர் சொல்கிறார். இவற்றில் எதை நம்பி வாங்கலாம்?

பதில் 1:

முதலில், உங்களுக்கு நடக்கும் பரிசோதனை எத்தகையது என்று பாருங்கள். புகைக்குழாயில் கருவியைச் செருகி வாயுவை மட்டும் அளப்பது ஒரு வகை. காரின் கணினியில் ஸ்கேனரை இணைத்துக் குறியீடுகளைப் படிப்பது இன்னொரு வகை. விலை குறைந்த கன்வர்ட்டர் முதல் வகையில் பெரும்பாலும் தேறிவிடும், இரண்டாவதில்தான் மாட்டிக்கொள்ளும்.

கன்வர்ட்டருக்குள் இருப்பது தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி. அதன் துளைச் சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் மிக மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கும். அவற்றோடு, ஆக்சிஜனைச் சேமித்துவைத்துத் தேவைப்படும்போது விடுகிற சீரியம் ஆக்சைடும் இருக்கும். காரின் கணினி வாயுவை நேரடியாக அளப்பதில்லை. கன்வர்ட்டருக்குப் பின்னால் உள்ள ஆக்சிஜன் சென்சாரைக் கொண்டு இந்தச் சேமிப்புத் திறனைத்தான் கணிக்கிறது. திறன் இருந்தால் பின் சென்சாரின் மின்னழுத்தம் ஏறத்தாழ 0.6, 0.7 வோல்ட்டில் அசையாமல் நிற்கும். திறன் குன்றினால், கன்வர்ட்டருக்கு முன்னால் உள்ள சென்சாரைப் போலவே மேலும் கீழும் துள்ளத் தொடங்கும், பி0420 வந்துவிடும். விலையைக் குறைக்கும்போது கைவைக்கப்படுவது இந்தப் பூச்சில்தான். அதனால்தான் மலிவானவை வாங்கிய புதிதில் தேறிவிட்டு, சில மாதங்களில் அதே குறியீட்டைத் திரும்பக் காட்டுகின்றன. லாம்டா 1.01 என்பதால் உங்கள் இன்ஜினின் எரிபொருள் கலவை சரியாகவே இருக்கிறது, குறை கன்வர்ட்டரில்தான்.

பதில் 2:

மேலே சொன்னவற்றில் கடைசி வரியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு சிலிண்டரில் தீப்பொறி தவறினாலும் லாம்டா 1-ஐ ஒட்டியேதான் வரும்; ஏனெனில் எரியாத பெட்ரோலும் பயன்படாத ஆக்சிஜனும் சேர்ந்தே வெளியேறுவதால், கணக்கில் ஒன்றை மற்றொன்று ஈடுகட்டிவிடுகிறது. அதே தாளில் ஆக்சிஜன் அளவைப் பாருங்கள். 1 சதவீதத்தைத் தாண்டியிருந்தால், கன்வர்ட்டர் வாங்கும் எண்ணத்தை ஒத்திவைத்துவிட்டு ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில் ஆகியவற்றைச் சோதியுங்கள். புகைக்குழாய் இணைப்பில் ஒழுக்கு உண்டா என்றும் பாருங்கள்.

கன்வர்ட்டர் தானாகச் சாவது அரிது. எரியாத பெட்ரோல் உள்ளே போய் எரிந்து தேன்கூட்டை உருக்கிவிடும். இன்ஜின் ஆயில் குடித்தால் அதிலுள்ள பாஸ்பரஸ் பூச்சின் மேல் படலமாகப் படியும். கொன்றது எது என்று தெரியாமல் புதிதாக எதைப் போட்டாலும், விலை உயர்ந்ததே ஆனாலும், அதற்கும் அதே கதிதான்.

கேள்வி கேட்டவர்:

ஆக்சிஜன் 1.1 சதவீதம் என்றிருந்தது. காயில்களைக் கழற்றிப் பார்த்தபோது மூன்றாவது சிலிண்டரின் காயிலில் மயிரிழை போன்ற விரிசல். அதை ஒட்டிக் கரிய கோடு. கன்வர்ட்டரையும் ஆறிய பிறகு ரப்பர் சுத்தியால் தட்டச் சொன்னேன். டப்பாவுக்குள் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்கியது போல் சத்தம் வந்தது. காயிலை மாற்றிவிட்டேன். இரண்டு பரிசோதனையும் உண்டு என்று தெரிந்துகொண்டேன்.

பதில் 3:

அப்படியானால் ஐந்தில் ஒரு பங்கு விலைப் பொருளை மறந்துவிடுங்கள். இடைவிலைப் பொருளின் உறையில் அங்கீகார எண் இருக்கிறதா, அது உங்கள் காரின் மாடல், ஆண்டு, இன்ஜின் ஆகிய மூன்றுக்கும் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஐரோப்பாவில் மாற்றுக் கன்வர்ட்டர்களுக்கு ஐ.நா.வின் 103ஆம் ஒழுங்குமுறைப்படி அங்கீகாரம் தரப்படுகிறது. கலிபோர்னியாவில் அங்கீகார ஆணை எண் இல்லாத வெளிச்சந்தைக் கன்வர்ட்டரைப் பொருத்தவே கூடாது. உத்தரவாதம் வெளி உறைக்கு மட்டுமா, உள்ளிருக்கும் பூச்சின் செயல்திறனுக்கும் சேர்த்தா என்று எழுத்தில் கேளுங்கள். பல விற்பனையாளர்கள் இந்த இடத்தில் மழுப்புவார்கள்.

வெட்டி வெல்டிங் செய்யும் பொதுவகையைவிட, அப்படியே போல்ட்டில் மாட்டும் நேரடிப் பொருத்த வகை நல்லது. இன்ஜினிலிருந்து உள்ள தூரம் கூடினால், கன்வர்ட்டர் வேலை தொடங்கத் தேவையான 250, 300 டிகிரி செல்சியஸ் சூட்டை எட்டுவது தாமதமாகும். கழற்றிய பழையதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள்: அதன் பூச்சில் எவ்வளவு மிச்சம் என்று கண்ணால் சொல்ல எவராலும் முடியாது, வேண்டாம். பின் சென்சாரைத் தள்ளி மாட்டும் நீட்டிப்புத் துண்டு பற்றியும் யாராவது சொல்வார்கள். அது கணினியை ஏமாற்றுமே தவிர வாயுவைச் சுத்தமாக்காது. பல இடங்களில் சட்டவிரோதமும்கூட.

பொருத்தும்போது கேஸ்கெட்டுகளைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். குறியீட்டை அழித்த கையோடு பரிசோதனைக்குப் போக வேண்டாம். அழித்ததும் கணினியின் சுயசோதனைகள் முதலிலிருந்து தொடங்கும்; அவை முடிவதற்குள் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நகரத்திலும் நெடுஞ்சாலையிலும் சில நாள் ஓட்டுங்கள். பரிசோதனை அன்று 20 நிமிடமாவது ஓட்டி, சூடு ஆறுவதற்குள் பரிசோதனை நிலையத்துக்குள் நுழையுங்கள்.

கேள்வி கேட்டவர்:

இடைவிலையில் நேரடிப் பொருத்த வகையையே வாங்கினேன். ஒன்பது நாள் ஓட்டிய பிறகு பரிசோதனை: கார்பன் மோனாக்சைடு 0.05, ஹைட்ரோகார்பன் 31, ஆக்சிஜன் 0.1. குறியீடு ஏதுமில்லை. கழற்றிய பழையதைத் திறந்து பார்த்தோம். முன்பக்கத் தேன்கூட்டில் பாதி, உருகிய மெழுகைப் போல வழிந்து உறைந்திருந்தது.