நியூ ஸ்ட்ரீட் சிக்னல் பாக்ஸ்: வச்சுக்கணுமா, இடிக்கணுமா?

ரயில்பித்தன்:
இங்கிலாந்து பர்மிங்ஹாம்ல நியூ ஸ்ட்ரீட் ஸ்டேஷனை ஒட்டி நேவிகேஷன் ஸ்ட்ரீட்ல ஒரு கான்கிரீட் சிக்னல் பாக்ஸ் (ரயில் சிக்னல்களை இயக்கற கட்டடம்) இருக்கே, 1966ல இருந்து ஓடினது, 2022 டிசம்பர்ல மூடிட்டு வேலையெல்லாம் சால்ட்லியில இருக்கற சிக்னல் சென்டருக்கு மாத்திட்டாங்க. 1995லயே பாதுகாக்க வேண்டிய பாரம்பரியக் கட்டடம்னு கிரேடு 2 பட்டியல்ல சேத்தாச்சு, லேசுல கை வைக்க முடியாது. அது அப்படியே நிக்கணும்ங்கறதுதான் என் கட்சி.

மாறன்86:
நான் எதிர்க்கட்சி. மழையில ஊறி கறுத்துப்போன கான்கிரீட், அதுவும் ஊருக்கு நட்டநடுவுல. உள்ள வேலையே இல்லாம வெறும் கூட்டை சட்டம் போட்டு காப்பாத்தி யாருக்கு என்ன லாபம்?

கான்கிரீட்பிரியா:
கறுப்பை கழுவிக்கலாம் அண்ணா. வெளிச் சுவர் பேனலை கிட்டப் போய் பாருங்க, ப்ரீகாஸ்ட்ல, அதாவது முன்னாடியே அச்சுல ஊத்தி எடுத்த கான்கிரீட்ல, வரிவரியா மடிப்பு வச்சு வார்த்திருக்காங்க, வெயில் பக்கவாட்டுல அடிச்சா ஒவ்வொரு மடிப்புக்கும் தனித்தனியா நிழல் விழும், அத்தனை பெரிய கட்டடம் அதனாலதான் மொட்டைச் சுவரா தெரியல. பிக்னெல் அண்ட் ஹாமில்டன்ங்கற ஆர்க்கிடெக்ட் கம்பெனியும் ரயில்வே ஆர்க்கிடெக்ட் ஹெட்லியும் சேந்து பண்ணது. கீழ சிக்னலை இயக்கற மின்சார ஸ்விட்சுகள் இருக்கற ரிலே ரூம், மேல கன்ட்ரோல் ரூம், இது மெஷினுக்கான கட்டடம்னு பாத்ததுமே புரியும், அலங்காரம்னு தனியா எதையும் ஒட்டல.

மாறன்86:
மெஷினுக்குன்னு நீங்களே சொல்றீங்க, அந்த மெஷின் வேலையத்தான் நிறுத்தியாச்சே. 60கள்ல கட்டின ஸ்டேஷனையே 2015ல பளபளன்னு ஸ்டீல் தகடு போர்த்தி புதுசாக்கினாங்க, இதுக்கு மட்டும் என்ன தனி சலுகை?

ரயில்பித்தன்:
ஸ்டேஷனை அப்படி போர்த்தி மறைச்சதாலதான் இதை விடக்கூடாதுங்கறேன். மின்மயமாக்கல், புது ஸ்டேஷன், கையால லீவர் இழுத்து இயக்கின ஏகப்பட்ட பழைய சிக்னல் பாக்ஸை எடுத்துட்டு ஒரே இடத்துல இருந்து கன்ட்ரோல், எல்லாம் ஒரே மூச்சுல நடந்த காலம் அது. ஆர்க்கிடெக்ட் ஜான் மேடின் இதே ஊர்ல கட்டின சென்ட்ரல் லைப்ரரியை அந்த பாதுகாப்புப் பட்டியல்ல சேக்க மாட்டேன்னாங்க, 2016ல இடிச்சே முடிச்சாங்க. இன்னும் எத்தனையத்தான் இழக்கறது?

மாறன்86:
லைப்ரரிய இதோட சேக்காதீங்க. அதுல ஊரே போய் உக்காந்து படிச்சது. சிக்னல் பாக்ஸ்குள்ள ஸ்டாஃப் தவிர யாரு கால் வச்சிருக்காங்க? பஸ்ல போறவனுக்கு அது ஒரு சுவர், அவ்ளோதான். ஜனங்களை உள்ள விடுங்க, அப்புறம் பாரம்பரியம்னு பேசுங்க.

கான்கிரீட்பிரியா:
அதுல எனக்கும் சம்மதம். ரயில்வே ட்ரெய்னிங்குக்கு பயன்படுத்தற யோசனை இருக்குன்னு அங்க ரயில் பாதைகளை நிர்வகிக்கற நெட்வொர்க் ரயில் சொல்லியிருந்தாங்க. அதோட வருஷத்துல சில நாளாவது மேல் மாடி வரைக்கும் பொதுமக்களை விடணும்னு கேட்டு எழுதலாம். இடிக்கச் சொல்றதை விட்டுட்டு இதுக்கு நீங்களும் கையெழுத்து போடுவீங்களா அண்ணா?

மாறன்86:
உள்ள விடச் சொல்லி எழுதுங்க, போடறேன். பாக்கறதுக்கு நல்லாருக்குன்னு மட்டும் என் பேர்ல எழுதிடாதீங்க.